முட்டையைப் புரட்டாதீர்கள்

புதுவை கடற்கரைச் சாலையோரம் பெரும்பாலும் கருங்கல். ஆமைக்கு மணல் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் தெற்கே நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கம் இரவில் கரையேறி, குழிக்கு ஏறத்தாழ 100 முட்டை இடுகின்றன.

தாயின் வயிற்றுக்குள் நின்றிருந்த கரு வளர்ச்சி, முட்டை மணலுக்கு வந்து ஆக்சிஜன் கிடைத்ததும் மீண்டும் தொடங்கும். சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் மேற்புற உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். வெளியே தெரியும் வெள்ளைப் பொட்டு அதன் அடையாளம். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை முட்டையை இந்நிலையில் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு சாகும். குழியைக் கண்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மணல் ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் சூடானால் பெண் குஞ்சுகள் மிகுதி, குளிர்ந்தால் ஆண். 45 முதல் 60 நாளில் குஞ்சு, மூக்கு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கிழித்து வெளிவரும்.