நீர்க்குறி சொல்லும் தொடர்

அஞ்சலகத்தில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் அன்றாட அஞ்சல் தலையைச் சேகரிப்பாளர்கள் டெஃபினிட்டிவ் என்று அழைக்கிறார்கள். ஒரு தலைவரின் நூற்றாண்டுக்கோ விழாவுக்கோ வெளியாகும் நினைவு அஞ்சல் தலை குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சாகி முடிந்துவிடும். டெஃபினிட்டிவ் அப்படியல்ல. கையிருப்பு தீரத் தீர மறுபடியும் அச்சாகும். பத்தாண்டுகள்கூடப் புழக்கத்தில் இருக்கும். அதற்குள் தாள் மாறலாம், நிறம் மாறலாம், அஞ்சல் கட்டணம் உயர்ந்தால் புதிய மதிப்பில் தலைகள் சேரலாம். நினைவுத் தலைகளை வெளியான தேதிப்படி ஆல்பத்தில் அடுக்கிவிடலாம். டெஃபினிட்டிவ்களை அப்படி அடுக்கினால் ஒரே குடும்பத்துத் தலைகள் பல பக்கங்களில் சிதறிப்போகும். அதனால்தான் அவற்றைத் தொடர்களாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது. எது ஒரு தொடர், எங்கே அது முடிகிறது என்பதற்கு இந்திய அஞ்சல் தலைகள் நல்ல பாடம்.

மன்னர் தலை இருந்த காலத்தில் முதல் பிரிவினை எளிது: விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் தலைகளிலேயே முகத்தை மட்டும் பார்த்தால் போதாது என்ற நிலை வந்துவிட்டது. அவை முதலில் லண்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சாயின. 1926 முதல் நாசிக் அச்சகம் அந்தப் பணியை ஏற்றது. படம் பெரும்பாலும் அதேதான். தாளின் நீர்க்குறிதான் வேறு: லண்டன் அச்சில் தலைக்கு ஒரு நட்சத்திரம், நாசிக் அச்சில் தாள் முழுவதும் நெருக்கமாகப் பல நட்சத்திரங்கள். நீர்க்குறி என்பது தாள் தயாராகும்போதே அதில் பதியும் மங்கலான உருவம். கருப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, அதற்கென விற்கும் திரவத்தில் சில துளிகள் விட்டால் அது தெரியும்.

சுதந்திர இந்தியாவின் முதல் தொடர் 1949 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. மூன்று தம்படியிலிருந்து 15 ரூபாய் வரை பதினாறு மதிப்புகள். எல்லாம் தொல்லியல் சின்னங்கள். இரண்டு அணாவில் நடராசர், ஐந்து ரூபாயில் தாஜ்மகால், பத்து ரூபாயில் குதுப்மினார். ஓரணாத் தலையில் போதிசத்துவர் உருவம் இடவலமாகத் திரும்பி அச்சாகிவிட்டது. 1950இல் திருத்திய தலை வந்தது. இரண்டையும் சேகரிப்பாளர்கள் ஒரே தொடரில்தான் வைக்கிறார்கள். கருப்பொருளும் நாணயமும் மாறாதவரை ஒரு படத்தைத் திருத்துவதால் புதிய தொடர் பிறப்பதில்லை.

இரண்டாவது தொடர் 1955 ஜனவரி 26இல் தொடங்கியது. ஐந்தாண்டுத் திட்டம்தான் அதன் பொருள்: டிராக்டர், விசைத்தறி, அணை, சிந்திரி உரத் தொழிற்சாலை. இவற்றோடு ஒரு ரூபாய் இரண்டணாத் தலையில் கன்னியாகுமரியும் இடம்பெற்றது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு போய் நயா பைசா வந்ததும் இந்திய வரைபடம் தாங்கிய மூன்றாவது தொடர் வெளியானது. நாணயம் மாறியதால் இங்கே எல்லைக்கோடு தெளிவு. குழப்பம் அடுத்த ஆண்டு தொடங்கியது.

1958இல் பல நட்சத்திர நீர்க்குறி விடைபெற்று, அசோகத் தூண் சிங்கமுகம் வந்தது. வரைபடத் தலைகள் அதே படத்தோடு புதிய தாளில் அச்சாயின. அத்துடன் ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து ரூபாய்த் தலைகள் 1955இன் ஐந்தாண்டுத் திட்டப் படங்களோடு புதிய தாளில் மறுபடியும் வந்தன. அவற்றை எந்தத் தொடரில் வைப்பது? படத்தை நம்பினால் இரண்டாவது தொடர். தாளை நம்பினால் மூன்றாவது. ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக் தாளின் பக்கம் நின்று, அசோகச் சின்னத் தாளில் வந்த வரைபடத் தலைகளுக்குக் கீழேயே இந்த ரூபாய்த் தலைகளையும் பட்டியலிடுகிறது. அதுவே சரியான வழி. ஒரே காலத்தில் ஒரே தாளில் அச்சாகி ஒரே கடித உறையில் அருகருகே ஒட்டப்பட்ட தலைகளைப் பிரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1965இல் தொடங்கி 1970களின் நடுவரை நீண்ட நான்காவது தொடரில் ஒரே கருப்பொருள் இல்லை. தேயிலை பறிப்பு, மாம்பழம், நாட் போர் விமானம், பக்ரா அணை, டிராம்பே அணு உலை எல்லாம் கலந்து வந்தன. இங்கே தொடரைக் கட்டிப்போடுவது ‘நயா’ நீங்கிய பைசாக் கணக்கும் பொதுவான அமைப்பும்தான். இதே தொடரின் ஐந்து பைசாக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மீது 1971இல் ‘அகதிகள் நிவாரணம்’ என்று ஆங்கிலத்தில் மேலச்சிட்டு, வங்கதேச அகதிகளுக்கான வரியாக எல்லாக் கடிதங்களிலும் ஒட்டச் சொன்னார்கள். தாயாகிய தலை நான்காவது தொடரில் இருந்தாலும் மேலச்சுத் தலை வரித் தலைகளின் பக்கத்துக்குப் போய்விடும். அரசு அலுவலகங்களுக்கான சர்வீஸ் தலைகளும், கொரியாவுக்கும் இந்தோசீனாவுக்கும் சென்ற இந்தியப் படையினருக்காக மேலச்சிட்ட தலைகளும் இப்படியே தனிப் பட்டியல் பெறுகின்றன. ஒட்டப்பட்ட பணியே அங்கே அளவுகோல்.

ஐந்தாவது தொடர் முதல் கட்டண உயர்வுதான் பெரிய தலைவலி. காந்தி தலை 25 பைசாவில் வந்து, பிறகு 30, 35, 50 என்று அதே முகத்தோடு உயர்ந்துகொண்டே போனது. 1979இல் ஆறாவது தொடர் நீர்ப்பாசனம், கைத்தறி, ரப்பர் பால் எடுத்தல் எனப் புதிய பொருளோடு தொடங்கிய பின்னும் காந்தியும் நேருவும் இடையிடையே வந்தார்கள். சிலர் இவ்விருவரையும் தனிக் கிளையாக வைக்கிறார்கள். 2008இல் தொடங்கிய ‘நவீன இந்தியாவின் சிற்பிகள்’ தொடரில் பெரியார், சி.வி. ராமன், ருக்மிணி தேவி அருண்டேல் போன்றோர் முகங்களே பொருளானதால் அந்தச் சிக்கல் இல்லை.

பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. ஆர்னால்டு மேச்சின் வடித்த எலிசபெத் ராணியின் பக்கவாட்டு முகம் 1967 ஜூன் 5 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவேயில்லை. கருப்பொருள் என்ற உதவி அங்கே கிடையாது. எனவே 1971 பிப்ரவரி 15இன் தசம நாணய மாற்றம், அச்சகம், தபால் பிரிக்கும் இயந்திரத்துக்கான பாஸ்பர் பட்டை, 1993இல் பக்க ஓரங்களில் வந்த நீள்வட்டத் துளை என ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். 2009 முதல் தலையின் மேல் மின்னும் எழுத்து வரிகளில் அது புத்தகத்திலிருந்து வந்ததா தாளிலிருந்து வந்ததா என்ற குறியீடும், 2010 முதல் ஆண்டும் பொதிந்துள்ளன. அந்தக் காலத்துத் தலைகளை லென்ஸ் வைத்துப் படித்து ஆண்டுவாரியாகவே அடுக்குகிறார்கள்.