'ஓசி' விமான டிக்கெட்டுக்கும் பணமா? சர்சார்ஜை குறைக்க வழி இருக்கு!

இளம்பிள்ளை: சேலை வியாபாரம், வேலை என்று சிங்கப்பூருக்கு அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான கம்பெனிகள் பாயிண்ட் தருகின்றன. அதை வைத்து டிக்கெட் போட்டால் ஓசி என்று நினைப்போம். கடைசியில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொல்லும். எதுக்கு?

அந்த பணம் 2 வகை. ஒன்று, அரசு வரியும் விமான நிலைய கட்டணமும். இதில் தப்பிக்க முடியாது. இன்னொன்று, எரிபொருள் செலவு என்று கம்பெனியே போடும் சர்சார்ஜ். இதைத்தான் குறைக்கலாம்.

பணம் கட்டும் முன் கட்டண விவரத்தை பாருங்க. 'ஒய்.க்யூ', 'ஒய்.ஆர்' என்று இருந்தால் அது கம்பெனி போட்டது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் பாயிண்ட் டிக்கெட்டுக்கான எரிபொருள் சர்சார்ஜை 2017 மார்ச்சில் எடுத்துவிட்டது. ஆனால் அதே பாயிண்டில் கூட்டாளி கம்பெனி விமானத்தில் போனால் சர்சார்ஜ் விழலாம். 2014-ல் ஏர் இந்தியா சேர்ந்த 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணியில் சிங்கப்பூர் ஏர்லைன்சும் இருக்கிறது. எனவே ஒரே ஊருக்கு 2 கம்பெனியிலும் விசாரிப்பது நல்லது.

கட்டும் தொகை சாதா டிக்கெட் விலையை நெருங்கினால் பாயிண்டை தொடாதீங்க. காசுக்கே டிக்கெட் எடுங்க. பாயிண்ட் அடுத்த பயணத்துக்கு ஆகும். ஆனால் கெடு தேதி முக்கியம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பாயிண்ட் 3 வருஷத்தில் காலாவதி ஆகிவிடும்.

ஒரு சேலைக்கே நூலையும் ஜரிகையையும் தடவிப் பார்த்து விலை பேசுகிற ஊர் இது. டிக்கெட் பில்லை மட்டும் படிக்காமல் பணம் கட்டலாமா?