டியூபில் உள்ள மருந்தின் பெயரை வாசியுங்கள்



ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வியர்வையில் நனைந்த உடையோடு உழைப்பவர்களுக்குப் படர்தாமரை எளிதில் வருகிறது. பலர் மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசிய பிறகே எங்களிடம் வருகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ சாகாது, இன்னும் பரவும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. ஆகவே பெயரை வாசித்து வாங்குங்கள். குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் மருத்துவரைக் கேளாமல் பூசவேண்டாம். சிறிய படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு ஏற்றது. தடிப்பு மறைந்த பின்னும் இரண்டு வாரம் பூசவேண்டும். சோப்பால் வறண்ட கைகளுக்கு வாசலின் போதும்.

உங்கள் சபை வாலிபருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.