சோறு குறைந்த தட்டு

மாப்பொருளையும் சீனியையும் கடுமையாகக் குறைக்கும் உணவுமுறையில் ஒரு நாளைக்கு உடலில் சேரும் காபோவைதரேற்று 20 முதல் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். சற்றுத் தளர்ந்த முறையில் 130 கிராம் வரை போகலாம். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வழமையான சாப்பாடு சாப்பிடும் ஒருவர் கடுமையான எல்லையைக் காலையிலேயே தாண்டிவிடுகிறார். கடையில் ஒரு றாத்தல் என்று கேட்டு வாங்கும் பாண் 450 கிராம். அதில் ஏறத்தாழ 220 கிராம் மாப்பொருள். கால் றாத்தல் பாணைச் சம்பலோடு சாப்பிட்டால் 50 கிராம் தாண்டிவிடும். மதியம் 300 கிராம் சோறு போட்டால் இன்னும் 84 கிராம். இரவு இடியப்பமும் சொதியும் அதற்குமேல்.

வடக்கு, கிழக்கு நீங்கலாக இலங்கையின் ஏழு மாகாணங்களில் 2005–2006இல் நடந்த ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. நகரங்களில் 16 பேருக்கு. ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருந்தது. சோற்றைக் குறைக்கும் யோசனை பல வீடுகளில் கிளினிக் கொப்பியோடுதான் வந்து சேர்கிறது. யோசனையும் பழையது. லண்டன்காரரான வில்லியம் பான்டிங், பாணும் சீனியும் கிழங்கும் விட்டு உடல் மெலிந்ததை 1863இல் சிறுநூலாக எழுதினார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் 1972இல் அதை உலகம் முழுக்கப் பரப்பினார். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்களில் 'பேலியோ டயட்' நூலை எழுதிய நியாண்டர் செல்வன் முக்கியமானவர்.

தமிழ்நாட்டுப் பேலியோ பட்டியலில் பாதாமும் பனீரும் வெண்ணெயும் முன்னுக்கு நிற்கும். கொழும்பில் பாதாம் இறக்குமதிச் சரக்கு. பனீர் அன்றாடச் சமையலில் இல்லாத பொருள். அந்தப் பட்டியலை அப்படியே பிடிப்பவருக்கு மாதக் கடைசியில் கை கடிக்கும். உண்மையில் அதற்குத் தேவையும் இல்லை. கொழும்புத் தமிழ்ச் சமையலின் கறிப்பக்கம் ஏற்கெனவே மாப்பொருள் குறைந்ததுதான். சூரை, பாரை, கீரிமீன், நெத்தலி, கணவாய், றால் எதிலும் மாப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 15 கிராம் மாப்பொருள். அதிலும் 9 கிராம் நார். ஆகவே சொதிக்கும் பால்க்கறிக்கும் வறைக்கும் தடையில்லை. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, முருங்கையிலை, கத்தரிக்காய்ப் பால்க்கறி, புடலங்காய், பீர்க்கங்காய், போஞ்சி ஆகியவற்றைத் தட்டில் பாதிக்குமேல் நிரப்பி, மீனோ முட்டையோ இறைச்சியோ வைத்து, சோற்றை இரண்டு அகப்பையிலிருந்து அரை அகப்பைக்கு இறக்கினால் ஒரே சட்டியில் வீடு முழுவதற்கும் சமைக்கலாம். தனிச் சமையல் கேட்கும் டயட் கூட்டுக் குடும்பத்தில் நெடுநாள் நிற்பதில்லை.

தடுக்கி விழும் இடங்கள் வேறு. பலர் வெள்ளைப் புட்டை விட்டுக் குரக்கன் புட்டுக்கு மாறியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவுக்கு மாப்பொருள் இருக்கிறது. அரிசி மாவில் 80. நார் கூடியிருப்பது நல்லதுதான், ஆனால் நீத்துப்பெட்டியளவு குரக்கன் புட்டு மாப்பொருள் குறைந்த உணவாகாது. சிவப்பு இடியப்பத்துக்கும் ஆட்டா மா ரொட்டிக்கும் இதே கணக்கு. மரவள்ளி, வற்றாளை, பலாக்காய், ஈரப்பலா எல்லாம் கறி என்ற பெயரில் தட்டுக்கு வந்தாலும் சோற்றின் பங்கில் சேர்க்க வேண்டியவை. பருப்பு நடுவில் நிற்கிறது: வெந்த பருப்பு 100 கிராமில் 20 கிராம் மாப்பொருள், கூடவே 9 கிராம் புரதமும் நிறைய நாரும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி, நவராத்திரி என்று வரும்போது மீனும் முட்டையும் விலகிவிடும். தயிர், சோயா மீற், காளான், கச்சான், கடலை, பயறு ஆகியவை கைகொடுக்கும். ஆனால் பயறும் கடலையும் சேர்ந்தால் 50 கிராம் எல்லை தாங்காது. சைவர்கள் தொடக்கத்திலேயே நூறு கிராம் அளவைக் குறியாக வைப்பது நடைமுறைக்கு ஒத்தது.

சீனி ஒளிந்திருப்பது தேநீரில். ஒரு தேக்கரண்டியில் 4 கிராம்; இரண்டு கரண்டி போட்டு மூன்று கோப்பை குடித்தால் 24 கிராம். சீனியைச் சக்தித் தேவையின் 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராமளவில், வைத்திருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். போன வீட்டில் தட்டோடு வரும் தேநீரை மறுப்பது கஷ்டம். 'எனக்குச் சீனி போடாதேங்கோ' என்று அடுப்படிக்குக் கேட்க முன்கூட்டியே சொல்லிவிடுவது சுலபம். கித்துள் கருப்பட்டியும் பனங்கட்டியும் சீனியே. போத்தல் பானங்களுக்கு 2016 ஓகஸ்டில் நிற அடையாளம் வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடையில் செம்மஞ்சள். 2017 நவம்பரில் சீனி வரியும் சேர்ந்தது. செம்மஞ்சளைப் பார்த்து ஆறுதலடையக் கூடாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் உள்ள பானமும் அந்த நிறத்தில்தான் வரும், 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால் பத்துக் கரண்டி சீனி.

வெளியில் சாப்பிடுபவர் சோற்றுப் பார்சலில் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டச் சொல்லலாம். றோல்ஸ், பற்றிஸ், மாலுபாண் எல்லாம் கோதுமை மா. கொத்தில் போகும் ரொட்டியே ஒரு நாளைய அளவை முடித்துவிடும். டெவில் செய்த கோழியில் சோஸ் வழியாகச் சீனி ஏறுகிறது. பொரித்த மீனும் சலாட்டும் மேல்.

இவ்வளவு கடுமை எல்லோருக்கும் வேண்டுமா என்பது வேறு கேள்வி. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், மாப்பொருளைக் குறைத்த நீரிழிவுக்காரர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ஆறு மாதத்தில் HbA1c என்ற சராசரி இரத்தச் சீனி அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது; மற்ற உணவுமுறைகளில் 31 பேருக்கு. பன்னிரண்டு மாதத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் 18,090 இந்தியர்களின் தரவிலிருந்து 2022இல் கணித்தது இன்னும் இளக்கமானது: புதிதாக நீரிழிவு கண்டவர்கள் மாப்பொருளைச் சக்தியின் 49–54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதமளவுக்கு ஏற்றினாலே நிலைமை மீள வாய்ப்புண்டு. சோற்றில் பாதியை எடுத்து அந்த இடத்தில் மீனை வைப்பது ஏறத்தாழ அதற்குள் அடங்கும்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் மருந்தளவை மாற்றாமல் சோற்றை நிறுத்தினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு விழும். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குக் கீற்றோன் அமிலம் தேங்கும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகள், சிறுநீரக வருத்தக்காரர் வைத்தியரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. முதல் வாரத்தில் உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறுவதால் தலையிடியும் களைப்பும் வரும். பிறஷர் குளிசை எடுப்பவர்களுக்குத் தலைசுற்றும். தேங்காயும் இறைச்சியும் கூடும்போது சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுவதால், மூன்று மாதத்தில் HbA1c பார்க்கும்போது கொழுப்புச் சோதனையையும் சேர்த்துச் செய்வார்கள்.