சட்டக் கல்லூரிக்கு மார்க் போதவில்லையா? கூடுதல் பாடம் எப்போது கைகொடுக்கும்?

நம் நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் பொதுவாக அந்த வழி கிடையாது. முதலில் நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பட்டம் படிக்க வேண்டும். அதன் பிறகே ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. அதில் இடம் பிடிக்க இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, 120 முதல் 180 வரை மதிப்பெண் தரும் 'எல்சாட்' நுழைவுத் தேர்வு. மற்றொன்று, பட்டப்படிப்பில் வாங்கிய மதிப்பெண்களின் சராசரியான ஜி.பி.ஏ.

வீட்டை விட்டுக் கடல் கடந்து போன பிள்ளைகளில் பலர் முதல் ஆண்டில் தடுமாறுவது உண்டு. மூன்றாம் ஆண்டில் நன்றாகப் படித்தாலும், முதல் ஆண்டின் குறை சராசரியில் தங்கிவிடுகிறது. "இன்னும் நாலு பாடம் கூடுதலாகப் படித்து ஜி.பி.ஏ.வை ஏற்றிவிடுகிறேன், பணம் அனுப்புங்கள் அப்பா" என்று பிள்ளை கேட்டால், பெங்களூரில் இருக்கும் தகப்பனார் என்ன செய்வது? பணத்தை அனுப்புமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டம் வாங்கும் நாளே எல்லைக்கோடு

ஜி.பி.ஏ.வைக் கல்லூரி போடும் கணக்கோடு விட்டுவிடுவதில்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் நியூடவுனில் உள்ள எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பு, மாணவர் படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியல்களையும் வாங்கி, எல்லோருக்கும் ஒரே முறையில் புதிதாகக் கணக்கிட்டுச் சட்டக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. அந்தக் கணக்கில் 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 3. 'ஏ பிளஸ்' வாங்கினால் 4.33 கூட உண்டு.

இதில் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. முதல் பட்டம் வாங்கும் நாள் வரை படித்த பாடங்கள் மட்டுமே கணக்கில் சேரும். கோடை விடுமுறையில் படித்தவையும், கட்டணம் குறைவான இரண்டாண்டுக் கல்லூரிகளில் படித்தவையும் சேரும். பட்டம் வாங்கிய மறுநாள் முதல் எத்தனை பாடம் படித்தாலும், எம்.ஏ.வில் முதலிடமே வாங்கினாலும், இந்தச் சராசரி அசையாது. அந்த மதிப்பெண்களைச் சேர்க்கைக் குழுவினர் பார்க்கலாம், பாராட்டலாம். எண் மட்டும் மாறாது.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நடைமுறை வேறு. அங்கே பட்டத்திற்குப் பின் படிக்கும் இளநிலைப் பாடங்களும் கணக்கில் சேர்கின்றன. அதைக் கேள்விப்பட்டுச் சட்டத்திற்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

தோற்ற பாடம் மறைவதில்லை

ஒரு பாடத்தில் தோற்றவர் அதையே மீண்டும் படித்து 'ஏ' வாங்கினால், சில கல்லூரிகள் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் எடுக்கும். எல்.எஸ்.ஏ.சி. அப்படிச் செய்வதில்லை. பழைய மதிப்பெண் பட்டியலில் காணப்பட்டால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். கல்லூரி காட்டும் ஜி.பி.ஏ.வைவிட எல்.எஸ்.ஏ.சி. கணக்கு குறைந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு மாணவி முதல் இரண்டு ஆண்டுகளில் 60 கிரெடிட் படித்து 2.8 சராசரி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 60 கிரெடிட்டுக்கு 3.8 வாங்கினால், மொத்தச் சராசரி 3.30. பட்டம் வாங்குமுன் இன்னும் நான்கு பாடங்கள், அதாவது 12 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினாலும் சராசரி 3.36 தான் ஆகும். ஒரு செமஸ்டர் செலவுக்கு 0.06 ஏற்றம்!

இது பயனற்றது என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் தன்னிடம் சேர்ந்த மாணவர்களின் ஜி.பி.ஏ., எல்சாட் நடுமதிப்புகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆகவே எண்ணில் அவர்களுக்குக் கண் உண்டு. பிள்ளை குறிவைக்கும் கல்லூரியின் நடுமதிப்பு மிக அருகில் இருந்தால் இந்தச் சிறு ஏற்றம் உதவலாம். வெகு தூரத்தில் இருந்தால், அதே பணத்தையும் நேரத்தையும் எல்சாட் பயிற்சியில் செலவிடுவதே மேல். முதல் ஆண்டுத் தடுமாற்றத்திற்கு நோய், குடும்பத் துயரம் போன்ற உண்மைக் காரணம் இருந்தால், அதைச் சுருக்கமான விளக்கக் குறிப்பாக விண்ணப்பத்தோடு இணைக்கவும் இடம் உண்டு.

இந்தியப் பட்டதாரிக்கு என்ன நிலை?

இங்கே பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்காவில் ஜே.டி.க்கு முயல்பவர்களின் பட்டத்தை எல்.எஸ்.ஏ.சி. ஜி.பி.ஏ.வாக மாற்றுவதில்லை. மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற தரமே குறிக்கப்படும். ஆகவே ஜி.பி.ஏ.வை ஏற்றுவதற்கென்று அங்கே போய்ப் பாடம் படிப்பதில் பொருள் இல்லை.

இந்தியாவிலேயே மூன்றாண்டுச் சட்டம் படிக்க விரும்புவோருக்கு விதி எளிது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டப்படிப்பில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 40. நுழைவுத் தேர்வு வைக்கும் இடங்களில் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் தேர்வே முக்கியம். பெங்களூர் நாகரபாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளி 2022 முதல் நடத்திவரும் மூன்றாண்டுப் படிப்புக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. 52 சதவீதத்தை 58 ஆக்கத் தேர்வை மீண்டும் எழுதுவதைவிட, நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதே பலன் தரும். 44 வாங்கி நிற்பவர்தான், மறுதேர்வு எழுதி மதிப்பெண்ணை உயர்த்தத் தம் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று உடனே விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளை படிக்கும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டம் வாங்கியாகிவிட்டதா, இல்லையா? வாங்கியாகிவிட்டது என்றால் சராசரிக்காகக் கூடுதல் பாடத்திற்குப் பணம் கட்ட வேண்டாம். இன்னும் இல்லை என்றால், மதிப்பெண் பட்டியலை வரவழைத்து, மேலே சொன்ன கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.