வண்டி கிளம்பாவிட்டால்...

ஆரணியில் பட்டு நெய்யும்போது பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால், நெசவாளர் தறியையே பிரித்துப் போட்டுவிடுவதில்லை. அறுந்த இழை எது என்று பார்த்து, அதை மட்டும் முடிந்துவிட்டு மேலே நெய்கிறார்.

அதே ஆரணிக்குக் கலியாணப் புடவை எடுக்கப் போன இடத்தில், வீட்டுப் பழைய அம்பாசடர் கிளம்ப மறுத்தால் நாம் என்ன செய்கிறோம்? "பாட்டரியை மாற்று" என்கிறார் ஒருவர். "கார்புரேட்டரைக் கழற்று" என்கிறார் இன்னொருவர். அம்பாசடர் உற்பத்தி 2014-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. நல்ல சாமானை வீணாகக் கழற்றிப் பாழாக்கினால் நஷ்டம் நமக்குத்தானே?

பெட்ரோல் என்ஜின் கிளம்ப முக்கியமாக வேண்டியவை மூன்று: அதைச் சுற்றிவிடும் சக்தி, பெட்ரோல், மின்பொறி. எது குறைகிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

முதலில் காதுக்கு வேலை. சாவியைத் திருகினால் வெறும் 'டிக்' சத்தமோ, சோர்ந்த முனகலோதான் வருகிறதா? முன் விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி திருகுங்கள். விளக்கு மங்கினால் பாட்டரியில் சக்தி குறைவு. அல்லது இணைப்பு சரியில்லை. பாட்டரி முனைகளில் உப்புப் பூத்திருந்தால், கையால் தொடாமல் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள். பல சமயம் புதுப் பாட்டரிச் செலவு மிச்சம்!

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? இனி மூக்குக்கு வேலை. பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தால், அளவுக்கு மேல் பாய்ந்துவிட்டது என்று அர்த்தம். சில நிமிஷம் பொறுத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நெடியே இல்லையென்றால் டாங்கைப் பாருங்கள். முள் பொய் சொல்லக்கூடும். சித்திரை வெயிலில் ஓடி நின்ற வண்டியானால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகித் தடைப்பட்டிருக்கலாம். பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும்.

பெட்ரோல் வந்தும் பிடிவாதமா? அப்படியானால் பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மழை நாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் சேர்ந்தாலே போதும்; சாவியை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்கலாம். உள்ளிருக்கும் பாயிண்ட் கருகியிருந்தால் அது மெக்கானிக் வேலை. பழைய 1489 சி.சி. அம்பாசடரில் அந்தப் பாயிண்ட் திறக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் கனம்! அதில் கோளாறு வந்தால் அவ்வளவு பெரிய வண்டியும் நின்றுவிடுகிறது.

ஒன்று மட்டும் கவனம்: 10 விநாடிக்கு மேல் விடாமல் ஸ்டார்ட்டரை முடுக்காதீர்கள். நல்ல பாட்டரியும் தீர்ந்துபோகும்.

மெக்கானிக் வந்ததும், "கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "என்ஜின் சுற்றுகிறது, நெடி இருக்கிறது, பற்றவில்லை" என்று சொல்லுங்கள். நோயைச் சரியாகச் சொல்லத் தெரிந்த வீட்டம்மாளிடம், வைத்தியர் பில்லையும் சற்று யோசித்துத்தான் எழுதுவார்!