கியர் விழவில்லையா? பட்டறைக்குப் போகுமுன் பாருங்கள்

மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி வழியில் கியர் விழாமல் நின்றுவிட்டால், நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. டிரைவரிடம் ஸ்பானரைக் கொடுத்து "நீயே பாரப்பா" என்பது. அல்லது அருகிலுள்ள பட்டறையில் விட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, சரிசெய்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்புவது. இரண்டாவது வழியில் எனக்கு ஒருமுறை கை சுட்டது. சொன்னபடியே கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார்கள். மூன்று நாள் வண்டி நின்றது. உள்ளே ஒரு பல்லும் தேயவில்லை. கிளட்ச் கேபிள் தளர்ந்திருந்ததுதான் கோளாறு! பிரித்த கூலியைக் கொடுத்தே தீரவேண்டியதாயிற்று. பட்டறைக்காரரை நொந்து என்ன பயன்? நோயின் பெயரைச் சொன்னவன் நான்தானே.

2005-ல் டாட்டா ஏஸ் என்ற 'குட்டி யானை' வந்தபின் சிறு மளிகைக் கடைக்காரர்களும் சொந்த வண்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே இதை டிரைவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தியிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரவென்று முரண்டினால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள். பெடல் ஆட்டம், கேபிள் ஆகியவற்றை நம் இடத்திலேயே பார்க்கலாம். ஆயில் மூலம் இயங்கும் கிளட்ச் என்றால் சிறு டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்புவது மட்டும் வைத்தியமாகாது. அதில் பிரேக் ஆயில் தவிர வேறு எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

இன்ஜின் நின்றிருக்கும்போதும் எல்லாக் கியரும் இறுக்கமாக இருந்தால், கியர் லீவரிலிருந்து கீழே செல்லும் ராடு, கேபிள், புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் தகராறு செய்தால் கோளாறு பெரும்பாலும் உள்ளே. அது பட்டறை வேலை. போட்ட கியர் தானே வெளியே தள்ளினாலும் அப்படியே. ஆனால் பிரிக்குமுன் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதனாலும் கியர் தள்ளும்.

பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் அலறி, வண்டி இழுக்காமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. நியூட்ரலில் வரும் இரைச்சல் பெடலை மிதித்தால் நின்றுபோனால் கியர்பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால்தான் இரைச்சல் என்றால் ரிலீஸ் பேரிங்.

கியர் ஆயில் மாற்றுவதை நாமே செய்யலாம். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஊற்றும் நட்டை முதலில் கழற்றிப் பார்த்த பிறகே அடி நட்டைத் திறக்க வேண்டும். ஆயிலை வடித்த பின் மேல் நட்டு கழலாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்! வண்டிப் புத்தகம் சொல்லும் ரகத்தையே வாங்குங்கள். ஜி.எல். 4 கேட்கும் இடத்தில் ஜி.எல். 5 ஊற்றினால் உள்ளிருக்கும் பித்தளை வளையங்கள் அரிக்கப்படக்கூடும். வடித்த ஆயிலில் மை போன்ற சாம்பல் நிறப் பொடி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். இரும்புச் சில்லு கிடந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கியர்பாக்ஸை இறக்கும் வேலையை மட்டும் கடை வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம். செங்கல்லையும் ஜாக்கியையும் நம்பி ஆளை அடியில் படுக்க வைப்பது உயிரோடு விளையாடுவது. மாட்டும்போது பாரம் தொங்கினால் புது கிளட்ச் பிளேட்டும் கோணிவிடும். வாரண்டி உள்ள வண்டியானால் நட்டைக்கூடத் தொட வேண்டாம். பட்டறையில் இறக்கியபின் பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் கையோடு மாற்றிவிடுவதே லாபம். மறுபடி இறக்கினால் அதே கூலி. பிளேட் வழுக்கத் தொடங்கினால் ஆடியிலேயே வண்டியை விட்டுவிடுங்கள்; ஆவணிக் கல்யாணச் சரக்கு ஓடும்போது வாடகை வண்டிக்கு அலைய முடியாது.

பட்டறையில் நோயின் பெயரைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள். எந்தக் கியர், காலையிலா சூடான பிறகா, பாரத்திலா காலியிலா என்று சொல்லி, மெக்கானிக்கை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது நல்லது. பிரிக்குமுன் உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் அவசியம், சரக்கு வண்டிப் பழுதுக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு. காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

கியர்பாக்ஸ் கெட்ட வண்டியைப் பின்சக்கரம் உருள நெடுந்தூரம் கட்டி இழுக்க வேண்டுமானால் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தோடு கியர்பாக்ஸின் பின் ஷாப்டு சுழலும். ஆயிலை வாரி அடிக்கும் கீழ் ஷாப்டு சுழலாது. பட்டறை போய்ச் சேருவதற்குள் நன்றாக இருந்த பேரிங்கும் தீய்ந்துவிடும்.